ஆபீஸ் வேலைக்கு என்று சொன்ன கம்ப்யூட்டர்

பாப்பா,

நேற்று மாமல்லபுரத்திலிருந்து திரும்பி வந்து நான் செருப்பைக் கழற்றுவதற்குள் நீ வாசலுக்கு வந்து, என்னப்பா ஆச்சு என்று கேட்டாய். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றேன். நீ நம்பினாயோ, என் முகத்தில் இருந்த களைப்பைப் பார்த்து மேலே கேட்காமல் விட்டாயோ தெரியவில்லை. நான் சொன்னது பாதிதான். மீதியை எதிரில் நின்று சொல்ல எனக்கு வராது. அதனால் இன்று காலை நீ சிறுசேரிக்குக் கம்பெனி பஸ் ஏறிய பிறகு உட்கார்ந்து எழுதுகிறேன். பாப்பாவுக்குக் கடிதம் என்று சொன்னதற்கு உன் அம்மா, சாயங்காலம் வந்துவிடப் போகிறவளுக்கு எதற்குக் கடிதம் என்று ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனாள். இதைப் படித்து முடித்ததும் நீ ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கும். உன் கல்யாணத்தைப் பற்றிய முடிவு. பத்திரிகை அடிக்கக் கொடுத்தாகிவிட்டது, மண்டபம் பேசியாகிவிட்டது, ஊர் என்ன சொல்லும் என்பதையெல்லாம் அந்தக் கணக்கில் சேர்க்காதே என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவற்றையெல்லாம் சேர்த்துக் கவலைப்பட நான் ஒருவன் இருக்கிறேன்.

எனக்கு எதையும் முதலிலிருந்து வரிசையாகச் சொன்னால்தான் வரும். மறைமலைநகரில் வேலை பார்த்த காலமெல்லாம், வெளியிலிருந்து தொழிற்சாலைக்கு வரும் உதிரி பாகங்களை அளந்து, சரியாக இருந்தால் உள்ளே அனுப்புவதும் இல்லாவிட்டால் நிறுத்தி வைப்பதுமாகவே இருந்தவன் நான். அப்படிப்பட்டவன் இந்தக் கம்ப்யூட்டர் விஷயத்தில் எங்கே தவறினேன் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

மாப்பிள்ளை வீட்டார் பூ வைக்க வந்த அன்று சீர்வரிசைப் பேச்சு வந்தது. எங்களுக்கு ஒன்றும் வேண்டாம், உங்கள் பெண்ணுக்கு நீங்கள் செய்வது என்று எல்லோரும் சொல்வதைப் போலத்தான் அவர்களும் சொன்னார்கள். உன் அத்தை பீரோ, கட்டில், டிரெஸ்ஸிங் டேபிள் என்று விரலை மடக்க ஆரம்பித்ததும், நீ நடுவில் புகுந்து, பீரோவும் வேண்டாம், டிரெஸ்ஸிங் டேபிளும் வேண்டாம், அதற்குப் பதில் ஒரு கம்ப்யூட்டர் போதும், பாகங்களை வாங்கி நானே பூட்டிக்கொள்கிறேன் என்றாய். உன் அத்தை சும்மா இருப்பாளா? "இன்னாடி இது, சீர்த்தட்டுல கம்ப்யூட்டர வெச்சி தூக்கிகினு போவறதா? மேளக்காரனே வாசிக்கறத வுட்டுட்டு சிரிப்பான்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நீயும் சிரித்துக்கொண்டே காபி எடுத்துவர உள்ளே போனாய். அப்போதுதான் மாப்பிள்ளையின் அம்மா என் பக்கம் திரும்பி, அது எதற்கு, வீட்டில்தான் டீவி இருக்கிறதே என்று கேட்டார்.

நீ கேம் ஆடுவாய் என்பது எனக்குத் தெரியும். பள்ளிக்கூட நாளிலிருந்து ஆடுகிறாய், மதிப்பெண்ணும் குறையவில்லை, வேலையும் கெடவில்லை. அலுவலகத்தில் நாளெல்லாம் பேச்சு வாங்கிவிட்டு வந்து ஒரு மணி நேரம் ஆடி எழுந்தால் உன் முகம் தெளிந்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன். இதையெல்லாம் அப்படியே சொல்லியிருக்கலாம். ஆனால் எதிரில் இருந்தவர், கணவர் போன பிறகு இரண்டு டூரிஸ்ட் வேன்களை ஒற்றை ஆளாக நிர்வகித்து மகனை வளர்த்தவர். அவர் பார்வைக்கு முன் என் வாயில் வந்தது, "ஆபீஸ் வேலைக்குங்க" என்பதுதான். "அப்ப சரி, வேலைக்குன்னா வேணும்தான்" என்று அவர் உடனே ஒப்புக்கொண்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை சட்டென்று தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். பிறகு குனிந்துகொண்டார். அந்தப் பார்வையை நான் நன்றி என்று எடுத்துக்கொண்டேன். நீங்கள் இருவரும் ஒரே அணியில் ஆடுகிறவர்கள் என்று நீதான் எனக்குச் சொல்லியிருந்தாய். "அவரு ரொம்ப மோசமா ஆடுவாருப்பா, எல்லா ரவுண்டுலயும் நான்தான் போயி காப்பாத்தணும்" என்று சிரித்தாயே. விஷயம் தெரிந்தவர், அம்மாவுக்கு முன் எனக்காகப் பேசாமல் இருந்துவிட்டார் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளை நான் மறக்க மாட்டேன். சாப்பாட்டு மேசையில் நீ போனை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பாகமாகச் சொல்ல, நான் தாளில் கட்டம் போட்டு எழுதுவேன். முதலில் ப்ராசசர். அது எந்த சாக்கெட்டில் உட்காருமோ அந்த சாக்கெட் உள்ள போர்டு. போர்டு பழைய சரக்காக இருந்தால் புது ப்ராசசரை அதற்கு அடையாளம் தெரியாது, அதற்குள் இருக்கும் மென்பொருளைக் கடையிலேயே புதுப்பித்துத் தரச் சொல்ல வேண்டும் என்றாய். ராமில் நான்காம் தலைமுறை போர்டில் ஐந்தாம் தலைமுறை ஏறாது, நடுவில் இருக்கும் வெட்டு இடம் மாறியிருக்கும். ஒரே பெரிய ராமைவிட ஜோடியாக இரண்டு சின்ன ராம் போட்டால் வேகம் கிடைக்கும். நாம் எடுத்த ப்ராசசரில் படம் காட்டும் வசதி கிடையாது என்பதால் கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் திரையில் ஒன்றுமே வராது. கார்டைப் பெரிதாக வாங்கி மானிட்டரைச் சின்னதாக வாங்கினால் கார்டின் வேலை வீண். இப்படி ஒன்று மற்றொன்றைக் கட்டிப்போடுவதைக் கேட்கக் கேட்க, என் பழைய வேலையே மறுபடி வீட்டுக்கு வந்துவிட்டதைப் போல இருந்தது எனக்கு. மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் நான் குறுக்கே பேசினேன். கண்ணுக்குத் தெரியாத பெட்டிதானே, மலிவாக ஒன்று போடலாமே என்றேன். நீ ஒப்புக்கொள்ளவில்லை.

"வேற எதுல வேணா மிச்சம் புடிக்கலாம்ப்பா, இதுல கூடாது. மட்டமான எஸ்எம்பிஎஸ் போட்டாலும் ஆன் ஆவும், எல்லாம் நல்லாத்தான் இருக்கும். கேம் சூடு புடிச்சதும் பட்டுனு ஆஃப் ஆயிடும். சும்மாவும் போவாது, பக்கத்துல இருக்கறதையும் சேத்துக் கெடுத்துட்டுப் போவும்" என்றாய்.

எல்லாம் முடிவான பிறகு கேபினெட் ஒன்றுதான் பாக்கி. முன்பக்கம் காற்று நுழையும் வலையும், பக்கவாட்டில் கண்ணாடியும், உள்ளே வண்ண விளக்குள்ள விசிறிகளுமாக ஒன்றைக் காட்டினாய். அழகாகத்தான் இருந்தது. ஆனால் அதைப் பார்த்ததும் எனக்குள் பயம் வந்துவிட்டது. சீர் இறக்கும்போது அந்தக் கண்ணாடிக்குள் விளக்கு எரிவதைப் பார்த்து, ஆபீஸ் வேலைக்கா இது என்று யாராவது கேட்டால் நான் எங்கே போய் நிற்பேன்? உன்னிடம் அதைச் சொல்லவில்லை. கடலோர ஊர், உப்புக் காற்று, வலை வழியாக உள்ளே புகுந்து எல்லாவற்றையும் துரு பிடிக்க வைத்துவிடும், மூடின பெட்டிதான் நல்லது என்றேன். படித்தவன் பேச்சு அல்லவா, நீ யோசித்துவிட்டு, சரிப்பா, நீயே பார்த்து எடுத்துவா என்றாய். கடைக்காரரே தடுத்தார். "சார், இது ஆபீஸ் கேபினெட்டு. பாப்பா போன்ல சொன்னது வேற கீது, எடுத்தாரட்டா?" என்றார். எனக்கு அந்த ஆபீஸ் என்ற சொல்லே போதுமாக இருந்தது. போர்டு அதில் உட்காருமா, எஸ்எம்பிஎஸ் உட்காருமா என்று கேட்டுக்கொண்டேன். கார்டின் நீளத்தை மட்டும் கேட்கவில்லை. எதையும் அளக்காமல் உள்ளே விடாத நான் அதை ஏன் கேட்கவில்லை என்று பிறகு பலமுறை யோசித்தேன். நான் ஒளிக்க நினைத்ததே, கேமுக்கென்று வாங்கிய அந்தக் கார்டைத்தான். ஒளிக்க நினைத்ததை யார் நிதானமாக எடுத்து அளப்பார்கள்?

போன ஞாயிற்றுக்கிழமை பூட்ட உட்கார்ந்தாய். ப்ராசசர் சத்தமில்லாமல் சாக்கெட்டில் இறங்கியது. ராம் இரண்டும் டிக் டிக் என்று பிடித்துக்கொண்டன. கடைசியில் மூன்று விசிறி வைத்த அந்தக் கார்டை எடுத்துச் சாய்த்துப் பார்த்தாய், நிமிர்த்திப் பார்த்தாய். ஹார்டுடிஸ்க் வைக்கும் கூண்டு வழிமறித்து நின்றது.

"ப்பா, கார்டு இடிக்கிது."

நான் ஸ்கேலை எடுத்துக்கொண்டு வந்தேன். நீ ஸ்கேலைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாய். "நீ அளக்காம வாங்கற ஆள் இல்லியே. உப்புக் காத்துன்னு சொன்னது நெஜமாப்பா?" என்று கேட்டாய். அப்போது சொல்லிவிட்டேன். பூ வைத்த அன்று நான் சொன்னதையும், பெட்டியை மாற்றியதையும். நீ கோபப்படுவாய் என்று எதிர்பார்த்தேன். நீ கார்டை அதன் உறையில் திரும்ப வைத்துவிட்டு, "அங்க போயி நான் ஒளிஞ்சி ஒளிஞ்சி ஆடணுமாப்பா?" என்று மட்டும் கேட்டாய். அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த உன் அம்மா கையைத் துடைத்தபடி வந்து, "உங்களால சொல்ல முடியாது. இருங்க, நான் போயி சொல்லிட்டு வரேன்" என்றாள். அவள் குரலில் சலிப்புகூட இல்லை. எப்போதும் செய்கிற வேலையைச் செய்யக் கிளம்புகிறவளைப் போலச் சொன்னாள். அதுதான் என்னைச் சுட்டது. இல்லை, நானே போகிறேன் என்றேன்.

உனக்குத் தெரியாத ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். எங்களுக்குக் கல்யாணமான புதிதில் கருங்குழியில் என் பெரியப்பா குடும்பத்தோடு ஒன்றாக இருந்தோம். உன் அம்மாவுக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. போ, எனக்குச் சந்தோஷம்தான் என்று தனியாக அவளிடம் சொன்னேன். மறுநாள் சாப்பிடும்போது பெரியப்பா, வீட்டுப் பெண்கள் சம்பாதித்துத்தான் நாம் சாப்பிட வேண்டுமா என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். அவளே பேசினாள், வேலைக்கும் போனாள். அன்றிலிருந்து சொந்தக்காரர்கள் மத்தியில் அவளுக்கு வாய்க்காரி என்று பெயர். எனக்குத் தங்கமான மனுஷன் என்று பெயர். நான் பேச வேண்டியதையும் சேர்த்து அவள் இத்தனை வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறாள், அதற்கான கெட்ட பெயரையும் அவளே வாங்கிக்கொண்டிருக்கிறாள். நான் அவளை அடித்ததில்லை, திட்டியதில்லை. நல்ல கணவன் என்று நீயே என்னை நினைத்திருப்பாய். நல்லவனோடு வாழ்வதில் இப்படியும் ஒரு கஷ்டம் உண்டு.

நேற்று திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில், சொல்ல வேண்டிய வாக்கியங்களை மனசுக்குள் அடுக்கிக்கொண்டே போனேன். சம்பந்தியம்மா வேன் டிரைவரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை வீட்டில்தான் இருந்தார். உட்கார்ந்ததும், தண்ணீர் குடிப்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன். அன்று நான் சொன்னது சரியில்லை, பாப்பாவுக்குக் கேம் ஆடும் பழக்கம் உண்டு, கம்ப்யூட்டர் முக்கியமாக அதற்குத்தான், பயந்துபோய் மாற்றிச் சொல்லிவிட்டேன் என்று. அவர் என்னைத் திட்டவில்லை. "அத்த அன்னிக்கே சொல்றதுக்கு இன்னாண்ணா? நான் இன்னா கடிச்சா துன்னுடுவேன்?" என்று கேட்டார். எனக்கு மூச்சு வந்தது. பிறகு மகன் பக்கம் திரும்பி, "உனுக்குத் தெரியுமாடா இது?" என்றார்.

"தெரியாதும்மா" என்றார் மாப்பிள்ளை.

நான் தப்பாகக் கேட்டுவிட்டேனோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சம்பந்தியம்மா என்னிடம் சொல்லிக்கொண்டே போனார். "இவன் பாருங்கண்ணா, ஆபீஸ்லர்ந்து வந்தும் அந்த மாட்டல காதுல மாட்டிகினு இங்கிலீஷ்ல கத்திகினு கெடக்கறான். அம்மாம் வேல வாங்கறானுங்க. நான்தான் பாவம்னு டீ போட்டு உள்ள குடுத்துகினு கீறேன். இதுல அதுவும் ஒரு பக்கம் ஆடிகினு குந்தினா வூடு இன்னாத்துக்கு ஆவும்? பரவால்ல, வந்தப்பறம் நான் சொல்லி கொறச்சிக்கறேன்." எனக்கு அப்போதுதான் விளங்கியது. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவர் கத்துவது உன்னோடு ஆடும்போது. ஆபீஸ் வேலை என்று அவர் அந்த வீட்டில் எப்போதோ சொல்லி வைத்திருக்கிறார். பூ வைத்த அன்று சட்டென்று தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாரே, அது நன்றியால் இல்லை. அவர் சொன்ன அதே பொய்யை என் வாயில் கேட்ட அதிர்ச்சி அது.

அங்கேயே நான் சொல்லியிருக்க வேண்டுமா? இன்னும் எனக்குத் தெரியவில்லை. உன்னைப் பற்றிச் சொல்லத்தான் போனேன், அவரைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டா என்று தயங்கினேன். தயங்குவதற்கு எனக்கு எப்போதும் ஒரு நியாயம் கிடைத்துவிடுகிறது. காபி குடித்துவிட்டு எழுந்தேன். மாப்பிள்ளை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே வந்தார், என் பையை வாங்கிச் சுமந்தார், ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தார். பிறகு ஜன்னலுக்குக் கீழே நின்று, "மாமா, அவகிட்ட இத்த சொல்லிடாதீங்க. கல்யாணம் ஆவட்டும், அம்மாகிட்ட நானே மெதுவா சொல்லிக்கறேன்" என்றார். நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலைத்தான் இந்தக் கடிதத்தில் மீறுகிறேன்.

அவர் கெட்டவர் இல்லை, பாப்பா. அம்மா தனியாக நின்று வளர்த்த பிள்ளை, அந்த அம்மா மனம் நோகக் கூடாது என்று பயப்படுகிறார். உன்மேல் பிரியமாக இருக்கிறார் என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த "தெரியாதும்மா"வை நான் நன்றாக அறிவேன். அது என் குரல். நாளைக்கு அந்த வீட்டில் உன் வேலை, உன் சம்பளம், உன் பிள்ளை என்று எந்தப் பேச்சு வந்தாலும், தனியாக உன்னிடம் சரி என்பார், அம்மாவுக்கு முன் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் பங்கையும் சேர்த்து நீ பேசுவாய். உனக்குப் பேச வரும் என்பதுதான் எனக்குப் பயமே. பேசிப் பேசி, சில வருஷத்தில் அந்த வீட்டின் வாய்க்காரி நீ, தங்கமான பிள்ளை அவர். கார்டு இடித்ததும் நீ நிறுத்திவிட்டாய், இரும்பைத் தட்டி உள்ளே தள்ளப் பார்க்கவில்லை. மனிதர்கள் அப்படி முதல் நாளே இடிப்பதில்லை. பாகங்களோடு மனிதர்களை ஒப்பிடக் கூடாது என்று எனக்கே தோன்றுகிறது. எனக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான், மன்னித்துக்கொள்.

ஒருவேளை நான் அதிகமாகப் பயப்படுகிறேனோ. வாழ்நாளெல்லாம் சரக்கை நிறுத்தி வைத்தவன், நல்ல சரக்கையும் சந்தேகத்தில் நிறுத்தி வைத்திருக்கிறேன். அவர் வயதில் எனக்கு இருந்ததைவிட அவருக்குத் தைரியம் வரலாம். அதனால் நீ இதைச் செய். இந்த வாரமே அவரிடம் பேசு. அப்பா எழுதினார் என்றே சொல், என்னை ஒளிக்க வேண்டாம். தானும் உன்னோடு ஆடுவதை அவர் அம்மாவிடம் அவரே சொல்லட்டும், கல்யாணத்துக்கு முன்பே, நீ எதிரில் இருக்கும்போது. அவர் தடுமாறினால் நீ எடுத்துக் கொடுக்காதே. பாதியில் நின்றால் நீ முடித்து வைக்காதே. எவ்வளவு நேரமானாலும் சும்மா இரு. உன் அம்மா அன்று சாப்பாட்டுப் பந்தியில் அப்படி ஒரு முறை சும்மா இருந்திருந்தால், நானும் என்றைக்கோ பேசக் கற்றிருப்பேனோ என்னவோ. இப்படி எழுதும்போதே, என் குறையை மறுபடியும் அவள் தலையில் வைக்கிறேன் என்று தெரிகிறது. அந்த வரியை அடித்துவிடலாம் என்று பார்த்தேன். இருக்கட்டும், நான் எப்படிப்பட்டவன் என்று நீ தெரிந்துகொள்வதும் நல்லதுதான்.

நேற்று பஸ்ஸை விட்டு இறங்கியதும் கடைக்குப் போய், அந்த ஆபீஸ் பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொள்ளப் பேசிவிட்டு, நீ கேட்ட கண்ணாடிப் பெட்டியை எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். கார்டின் நீளத்தை வைத்து உள்ளே அளந்து பார்த்துவிட்டேன், தாராளமாக இடம் இருக்கிறது. கல்யாணம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் அது உன்னுடையது.

அவர் சொல்லிவிட்டால், அவரைப் பற்றி நான் நினைத்தது தவறு என்று அவரிடமே ஒப்புக்கொள்கிறேன். அவர் சொல்லாவிட்டாலும், தெரிந்தேதான் போகிறேன் என்று நீ சொன்னால், உன் அம்மா தன் வாழ்க்கையை எப்படி நடத்தினாள் என்று அவளிடம் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போ. நான் குறுக்கே நிற்க மாட்டேன். வேண்டாம் என்று உனக்குத் தோன்றினால், அதை யாரிடம் எப்படிச் சொல்வது என்று நீ கலங்க வேண்டியதில்லை. உன்னையும் அனுப்ப மாட்டேன், உன் அம்மாவையும் அனுப்ப மாட்டேன். மாமல்லபுரம் பஸ்ஸில் ஏறி, அந்த அம்மாவின் எதிரில் உட்கார்ந்து, என் பெண்ணுக்கு இது சரிப்படாது என்று நான் சொல்வேன். பேச்சு தடுமாறும். ஆனாலும் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

உன் அப்பா